வன்னிக்கு வரும் பயணியை எதால் அளப்பது?

எவரெஸ்ட் ஏறப்போன குழு நேபாள அரசிடம் 4,000 டொலர் வைப்புக் கட்டவேண்டியிருந்தது. ஏறியவர்கள் ஆளுக்கு 8 கிலோ குப்பையோடு இறங்கினால் காசு திரும்பக் கிடைக்கும் என்பது 2014 இல் வந்த விதி. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தராசு மலையடிவாரத்தில் இருந்தது. குப்பை எந்த முகாமிலிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. கீழ் முகாமிலேயே 8 கிலோவைப் பொறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தாலும் கணக்குச் சரி. மேல் முகாமில் விட்டுவந்த கூடாரம் பனிக்குள் கிடக்கும்.

அயல்நாட்டுச் சுற்றுலாக் கொள்கைகளைப் படிக்கும்போது எவ்வளவு அறவிடுகிறார்கள் என்பதைவிட, எதை அளக்கிறார்கள், எங்கே நின்று அளக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

பூட்டான் இரவை அளக்கிறது. 2022 செப்டெம்பரில் நிலைபேறான அபிவிருத்திக் கட்டணத்தை ஆளுக்கு ஓரிரவு 65 டொலரிலிருந்து 200 ஆக்கினார்கள். ஆட்கள் குறைய, ஹோட்டல்காரரும் வழிகாட்டிகளும் கைபிசைந்து நிற்க, அடுத்த ஆண்டே 100 ஆக இறக்கினார்கள். இந்தியருக்கு மட்டும் 1,200 ரூபாய். மாலைதீவும் இரவைத்தான் அளக்கிறது, ஆனால் விடுதியின் அளவையும் சேர்த்துப் பார்க்கிறது: 2025 ஜனவரி முதல் ரிசோட்டில் தங்கினால் 12 டொலர், 50 அறைக்குட்பட்ட கெஸ்ட் ஹவுஸில் 6 டொலர். ஊர்க்காரர் நடத்தும் சின்ன விடுதியையும் தனித்தீவு ரிசோட்டையும் ஒரே தட்டில் வைக்காதது புத்திசாலித்தனம்.

நீலகிரி வாகனத்தை அளக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 இலிருந்து இ-பாஸ், அதாவது வாகனத்தோடு வருபவர் இணையத்தில் முன்கூட்டியே எடுக்கவேண்டிய அனுமதி. முதல் ஆண்டில் கேட்டவருக்கெல்லாம் பாஸ் கொடுத்தார்கள்; அதனால் நெரிசல் குறையவில்லை, எண்ணிக்கை மட்டும் கையில் கிடைத்தது. அந்த எண்ணிக்கையும் வீண்போகவில்லை. 2025 கோடையில் வார நாட்களுக்கு 6,000 வாகனம், வார இறுதிக்கு 8,000 என்று வரம்பு போட்டார்கள். எண்ணாமல் வரம்பு போட முடியாது. வன்னிப் பக்கம் நடக்கும் கூட்டங்களில் அடிக்கடி வரும் பிழை இதுதான்: ஒரு நாள்கூட எண்ணாத இடத்துக்குத் ‘தாங்கும் திறன்’ என்று ஓர் இலக்கத்தை அறிக்கையில் எழுதிவிடுவது.

இலங்கை அளப்பது இரண்டு: வெளிநாட்டவரின் ரிக்கெட், விடுதியின் வருமானம். 2015 இல் தேசியப் பூங்காக்களான சுண்டிக்குளமோ மடு வீதியோ, பூங்கா நுழைவுக் காசு வனஜீவராசிகள் திணைக்களத்தின் கணக்கு. வாசலுக்கு வெளியே குப்பை அள்ளும் பிரதேச சபையின் கணக்கு வேறு. 2005 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டப்படி பதிவுபெற்ற விடுதி மொத்த வருமானத்தில் 1 வீதம் கட்டுகிறது. அது கொழும்புக்கு. பிரதேச சபையும் பதிவுபெற்ற விடுதியிடம் முந்தைய ஆண்டு வருமானத்தில் 1 வீதம் வரை உரிமக் கட்டணம் எடுக்கலாம். ஆக, பதிவில்லாமல் இணையத்தில் அறை கொடுப்பவர் கொழும்பை மட்டும் ஏமாற்றவில்லை, தன் ஊர்ச் சபையின் ட்ரக்டருக்கு டீசல் அடிக்கும் காசையும் சேர்த்தே விழுங்குகிறார். நேபாளத்தில் அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதியில் வெளிநாட்டவரிடம் 3,000, சார்க் நாட்டவரிடம் 1,000 நேபாள ரூபாய் வாங்கி, அதை அந்தப் பகுதியிலேயே செலவழிக்கிறார்கள்; பாதை திருத்துவதும் கழிப்பறை கட்டுவதும் அந்தக் காசில்தான். தூரத்தில் தேடவும் வேண்டாம். பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் காரங்காட்டில் கண்டல் காட்டுக்குள் படகோட்டுவதும் சமைத்துப் போடுவதும் ஊர்க்காரர், கூடவே வனத்துறை.

எங்கள் அளவுகோலின் பெரிய ஓட்டை உள்ளூர்ப் பயணி. உல்லாசப் பயணி என்றால் வெள்ளைக்காரர் என்று கொள்கை வகுப்போர் மனதில் ஒரு படம். வன்னியில் மண்ணை மிதிக்கும் பெரிய கூட்டம் ஓகஸ்ட் 15 மடுமாதா திருவிழாவுக்கும் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கும் வருவது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லட்சம் பேர், ஆளுக்கு இரண்டு ஒரு லீட்டர் தண்ணீர்ப் போத்தல். வெறும் போத்தல் 20 முதல் 25 கிராம். மொத்தம் நாலைந்து தொன்தான். பாரம் பார்த்து லொறி பிடித்தால் ஒரு லொறி போதும் என்று தோன்றும். ஆனால் நசுக்காத போத்தல் தன் ஒரு லீட்டர் இடத்தையும் பிடித்துக்கொண்டே போகும்: இரண்டு லட்சம் லீட்டர், அதாவது 200 கனமீற்றர். ட்ரக்டர் பெட்டி ஒன்று 4 கனமீற்றர் கொண்டால் 50 பெட்டி. திருவிழா முடிந்து மூன்றாம் நாளும் குப்பை கிடப்பதன் இரகசியம் இதுதான். மூடியைக் கழற்றி மிதித்துப் போட்டால் பெட்டிக் கணக்குக் கால்வாசிக்கு இறங்கும். மூடியோடு மிதித்தால் காற்று உள்ளே நின்று போத்தல் திரும்பவும் உப்பும்.

இதற்கும் நீலகிரியில் ஒரு வழி இருக்கிறது. 2022 இல் மதுக்கடைகளில் போத்தலுக்குப் 10 ரூபாய் கூட வாங்கி, வெறும் போத்தலைக் கொண்டுவந்தால் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார்கள். தராசு சரியான இடத்தில் நிற்கிறது: குப்பையாகப் போகும் பொருளிலேயே. திருவிழாக் கடைகளுக்கு நிலவாடகை எழுதும்போதே இந்த நிபந்தனையைப் போடலாம். போத்தலில் அந்தத் திருவிழாவுக்கென்று ஒரு ஸ்டிக்கர் வேண்டும். இல்லாவிட்டால் ஊரெல்லாம் பொறுக்கிய போத்தலுக்கும் காசு கொடுத்து முடியாது.

பறவைக்கு வந்தால், மன்னாரின் வங்காலை 2008 இல் சரணாலயமாகி 2010 இல் ராம்சார் ஈரநிலமானது, அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. இங்கே அளவுகோல் பூநாரையின் தலைதான். தலை தண்ணீருக்குள் இருந்தால் மேய்கிறது. ஒன்றிரண்டு தலை நிமிர்ந்தால் நிற்கவேண்டும். கூட்டமாக நிமிர்ந்து ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால் நீங்கள் ஏற்கெனவே கிட்டப் போய்விட்டீர்கள், அடுத்தது பறப்புத்தான். மன்னார்ப் பாலத்து வீதியில் வேனை நிறுத்திக் கதவை அடித்துச் சாத்துவதும் ட்ரோன் விடுவதும் இதைத்தான் செய்கின்றன. ‘100 மீற்றர் தள்ளி நிற்கவும்’ என்ற பலகையைவிட இந்த மூன்று நிலையையும் வரைந்த பலகை பயன்தரும். தண்ணீருக்கு மேல் 100 மீற்றரைக் கண்ணால் மதிப்பிட யாராலும் முடியாது.

இனி கிணறு. மன்னார்த் தீவிலும் முல்லைத்தீவுக் கரையோர மணலிலும் விடுதி கட்டுவோர் கடைசியாக யோசிப்பது இதை. கரையிலிருந்து 300 மீற்றருக்குள் கட்டக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். தேசியப் பூங்கா எல்லையிலிருந்து 1 மைலுக்குள் என்றால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி. இரண்டிலும் முதற் கேள்வி கட்டடம் எங்கே நிற்கிறது என்பதுதான். அது நாளுக்கு எத்தனை லீட்டர் இறைக்கும் என்பது பின்னுக்குப் போய்விடுகிறது.

ஐந்து அறை, பத்துப் பேர், ஆளுக்கு 200 லீட்டர் என்று வைத்தால் நாளுக்கு 2,000 லீட்டர். படுக்கை விரிப்புத் தோய்ப்பது தனி. ஐந்து பேர் உள்ள ஊர் வீடு 500, 600 லீட்டரோடு நிற்கும். ஒரு சின்ன விடுதி வந்தால் ஒழுங்கைக்கு மூன்று, நாலு வீடு கூடியது போல.

மணலுக்குள் மழைநீர் ஒரு வில்லைபோல உவர்நீரின் மேல் மிதக்கிறது. கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ இரண்டரை வீதம் பாரம் கூடியது. அதனால் நீர்மட்டம் நிரந்தரமாக ஓரடி இறங்கினால் அடியில் உவர்நீர் ஏறத்தாழ நாற்பதடி மேலே ஏறும். கிணற்றில் தண்ணீர் நிறைய நிற்கிறதே என்று எட்டிப் பார்ப்பது ஏமாற்று. வில்லையின் அடி எங்கே என்பது மேலிருந்து தெரியாது. மாலைதீவின் மாலேயில் இந்த வில்லை எப்போதோ கெட்டு, இன்று கடல்நீரைச் சுத்திகரித்துத்தான் குடிக்கிறார்கள். அந்தச் செலவு அவர்களுடைய டொலருக்குக் கட்டுப்படியாகும்.

தண்ணீர் காணாது என்று குழாய்க்கிணறு அடித்து ஆழத்துக்குப் போவது இங்கே செய்யக்கூடிய மிகப்பெரிய பிழை. உவரைத் தேடிப்போய்க் கொண்டுவருவதுபோல. அகலமாக, ஆழம் குறைவாக வெட்டிய கிணறே நல்லது. 2,000 லீட்டரை ஒரு குதிரைவலு மோட்டாரால் ஒரே மூச்சில் இறைக்காமல், அரைக் குதிரைவலு மோட்டாரால் நாலு தடவை, 500, 500 ஆக இறைக்கவேண்டும். இடைவெளியில் கிணறு ஊறும். மலக்குழிக்குக் கொங்கிறீற் வளையம் இறக்கி அடியைத் திறந்து விடும் வழக்கம் மணலுக்கு ஆகாது. மணல் வடிக்கும், ஆனால் வடிகட்டாது. கழிவு அப்படியே நீர்மட்டத்துக்குப் போகும். அடி பூசிய தொட்டி, கிணற்றிலிருந்து 50 அடிக்குக் குறையாத தூரம், அதுவும் கடல் பக்கமாக. வழியும் நீரை உயர்த்திய மண்பாத்தியில் வாழைக்கு விடலாம்.

பிரதேச சபை உரிமம் புதுப்பிக்கும்போது ஒரு வாசிப்பைக் கேட்டால் போதும். கையடக்க மின்கடத்துதிறன் மானியால் (தண்ணீரில் உப்புக் கூடினால் இதன் வாசிப்பும் கூடும்) காலையில் மோட்டார் போடுமுன் ஒரு தடவை, இரண்டு மணிநேரம் இறைத்தபின் ஒரு தடவை. இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் பெருகிக்கொண்டே போனால் உவர் கீழிருந்து ஏறுகிறது. காலை வாசிப்பே மாதாமாதம் கூடினால் கெடுவது அயல் முழுவதும். அப்போது மாதிரி எடுத்துக் குளோரைட் பார்க்கவேண்டும். குடிநீருக்கு இலங்கைத் தரநிர்ணய வரம்பு லீட்டருக்கு 250 மில்லிகிராம். மழை விட்டதும் எடுத்த வாசிப்பைக் கொண்டுவந்து நீட்டினால் ஏற்கக்கூடாது. மாரி தொடங்குமுன், புரட்டாசியில், கிணறு ஆக வற்றி நிற்கும்போது எடுத்ததுதான் கணக்கு.