வேப்பமரத்தடியில் கேட்கும் கேள்விகள்

தர்மபுரிப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை செய்யும் மருத்துவராக இருக்கிறேன். வீட்டுக்குப் போனால் படிப்பது துப்பறியும் நாவல். பகலெல்லாம் பார்ப்பது போதாதா என்று நண்பர்கள் கேட்பார்கள். ஆனால் அங்கே வரும் சாவும் இங்கே வரும் சாவும் ஒன்றில்லை.

நாவலில் மருத்துவர் உடலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இரவு பத்தரைக்கும் பதினொன்றுக்கும் நடுவில் என்று சொல்லிவிடுவார். இறந்த உடல் ஆறி, சுற்றுப்புறச் சூட்டுக்கு வருவதை வைத்துப் போடும் கணக்கு அது. குளிர் நாட்டுக்குச் சரி. சித்திரை வெயில் 38 டிகிரியைத் தாண்டும் ஊரில் 37 டிகிரி உடம்பு எங்கே போய் ஆறும்? விறைப்பும் சூட்டில் சீக்கிரம் வந்து சீக்கிரம் விட்டுப்போகும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிக்குள் என்று அகலமாகத்தான் எழுத முடியும். உள்ளுறுப்புகளை ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பினால் முடிவு வர வாரக்கணக்காகும், சில நேரம் மாதங்கள்.

சரி, கதைக்கு வேகம் வேண்டும், நேரத்தைச் சுருக்கிக்கொள்ளட்டும். செத்தவருக்காக அழ ஓர் ஆள்கூட இல்லாமல் முந்நூறு பக்கம் ஓடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

எங்களிடம் வருவதில் மர்மம் மிகக் குறைவு. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரி, முன்னால் பைக்கில் போனவர். எப்படி நடந்தது என்று அரை மணியில் ஊருக்கே தெரியும். அப்படியும் வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறவர்களுக்குக் கேள்வி தீராது. "ரொம்ப வலிச்சிருக்குமாங்க சார்?" என்பார்கள். என் அறிக்கையில் இதற்கு இடமில்லை. அடிபட்டதுமே நினைவு போயிருக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால், நின்று பொறுமையாகச் சொல்வேன். தெரியாதபோது ஆறுதலுக்காகக்கூடப் பொய் சொல்வதில்லை.

ஓர் அம்மா கேட்டார்: "காலையில சாப்பிடாமக் கெளம்புனான் சார். வயித்துல ஏதாச்சும் இருந்துச்சா?" இரைப்பையில் இருக்கும் உணவு நாவலில் ஒரு துப்பு, கொலையாளியின் பொய்யை உடைக்க உதவும். அவருக்கோ பிள்ளை பசியோடு போனானா என்பதுதான் தெரிய வேண்டும். "சாப்பிட்டிருக்கார்மா" என்றேன். உண்மையும் அதுதான்.

மாயக்கதைகளில் சிக்கல் வேறு. மந்திரத்தால் செத்தவர் எழுந்துவிட்டால், அதுவரை அழுதவர்களின் கண்ணீருக்கு என்ன மதிப்பு? தகடூர் என்ற எங்கள் ஊரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியிடமும் ஒரு மாயக்கனி இருந்தது. சாவைத் தள்ளிவைக்கும் நெல்லிக்கனி. தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தான் என்று புறநானூற்றின் 91ஆம் பாட்டு சொல்கிறது. அதே ஔவை 235இல் அவன் மார்பில் பாய்ந்த வேலை நினைத்துப் புலம்புகிறார். 232இல், நாடே கொடுத்தாலும் வாங்காதவன் நடுகல்லில் ஊற்றும் கொஞ்சம் கள்ளை வாங்கிக்கொள்வானா என்று கேட்கிறார். கனி இருந்தும் சாவு சாவாகவே நிற்கிறது. அதனால்தான் அந்தக் கொடை பெரிதாகத் தெரிகிறது. இந்த மாவட்டத்து நடுகற்களிலும் எந்தப் பூசலில் யார் விழுந்தான் என்று பெயரோடு வெட்டியிருப்பார்கள்.

அண்மையில் கல்லூரி மாணவர் ஒருவர், குற்ற நாவல் எழுதுகிறேன், இறந்த நேரத்தை எப்படிக் கணிப்பது என்று கேட்டு வந்தார். தெரிந்ததைச் சொன்னேன். அப்புறம், செத்தவரின் அம்மா எந்த அத்தியாயத்தில் வருகிறார் என்று கேட்டேன். வரவில்லை என்றார். அவரையும் எழுதிக்கொண்டு வாருங்கள், முழுசாகப் படித்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.