ஏத்துக்கிட்டானேன்னு எல்லாத்தையும் பொறுத்துக்காதீங்க

எச்ஐவி பாசிட்டிவ்னு ரிப்போர்ட் வந்த புதுசுல நம்ம கே பசங்க நிறைய பேர் ஒரே மாதிரிதான் பண்றாங்க, எவனாவது "பரவால்ல, எனக்கு ஓகே"ன்னு சொல்லிட்டா போதும், அவன் என்ன பண்ணாலும் பொறுத்துக்கறது. நாலு பேர் முன்னாடி மட்டம் தட்டுவான், காசு வாங்கிட்டு திருப்பித் தர மாட்டான், கேட்டா "இவனையும் விட்டா என்னை யாருங்க பாப்பாங்க"ன்னு பதில் வரும். நானும் பாசிட்டிவ்தான், அதான் இவ்ளோ எரிச்சலா எழுதறேன்.

இந்த நினைப்பு வைரஸால வந்தது இல்ல. சின்ன வயசுலேருந்து மறைச்சு மறைச்சே வளர்ந்த மனசு, நம்மகிட்ட ஏதோ தப்புன்னு பாதி நம்பிட்டுதான் இருக்கும், ரிப்போர்ட் வந்ததும் மீதியையும் நம்பிடுது.

இதுல வெளியாளுங்கள விட நம்மாளுங்க குத்தறதுதான் ஜாஸ்தி வலிக்கும். டேட்டிங் ஆப்ல ஒரு மணி நேரம் தேனொழுக பேசிட்டிருப்பான், "நான் பாசிட்டிவ், மாத்திரை எடுக்கறேன், அன்டிடெக்டபிள்"னு (டெஸ்ட்ல தெரியாத அளவுக்கு வைரஸ் குறைஞ்சிடுச்சுன்னு அர்த்தம்) அனுப்பினதும் டைப்பிங்னு காட்டும், நிக்கும், மறுபடி காட்டும், அப்புறம் அவன் போட்டோவே காணாம போயிடும். பிளாக். (அவன் கடைசியா எப்ப டெஸ்ட் எடுத்தான்னு அவனுக்கே ஞாபகம் இருக்காது, அது வேற விஷயம்.)

2019ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல பார்ட்னர்2னு ஒரு ஆய்வு வந்துச்சு. ஒருத்தர் பாசிட்டிவ், ஒருத்தர் நெகட்டிவ்னு இருந்த 782 கே ஜோடிங்க, பாசிட்டிவ் ஆளுக்கு மாத்திரையால வைரல் லோடு (ஒரு மில்லி ரத்தத்துல இருக்கற வைரஸோட அளவு) 200க்கு கீழ, காண்டம் இல்லாம 76,000 தடவைக்கு மேல உறவு, ஜோடிகிட்டேருந்து எச்ஐவி தொத்தினது ஒரு கேஸ்கூட இல்ல. மாத்திரைய விடாம போடணும், சிபிலிஸ் மாதிரி மத்த பால்வினை நோய்ங்களுக்கு இது பாதுகாப்பு இல்ல, அதுக்கு காண்டம் வேணும்தான். ஆனா ஒழுங்கா போட்டா பெரும்பாலும் ஆறு மாசத்துக்குள்ள அந்த அளவுக்கு இறங்கிடும். அப்புறம் உங்ககூட இருக்கறவன் என்ன பெரிய தியாகம் பண்றான்?

இன்னொண்ணு, ராத்திரி அழுகை வந்த நேரத்துல கண்டவங்களுக்கும் மெசேஜ் போட்டு சொல்லாதீங்க. முடிஞ்சா ஏற்கனவே பாசிட்டிவா இருக்கற ஒருத்தர்கிட்ட முதல்ல பேசுங்க, டாக்டர் சொல்றத விட அவங்க சொன்னா உள்ள இறங்கும். சண்டை வந்தா "வீட்டுல சொல்லிடுவேன்"னு மிரட்டறவனும் இருக்கான். அந்த மிரட்டல் மெசேஜ மட்டும் பயத்துல டெலீட் பண்ணிடாதீங்க, ஸ்கிரீன்ஷாட் எடுத்து நம்பிக்கையான ஒரு ஆள்கிட்ட அன்னைக்கே காட்டிடுங்க.