பாய்மரத்தை இறக்குங்கப்பா!

2018 ஜூன். பெய்ஜிங் வெயில் மண்டையைப் பிளந்தது. அரண்மனை அருங்காட்சியகத்துக்குள் நுழைந்ததுமே, 'சிம்மாசனத்தையெல்லாம் அப்புறம் பார்க்கலாம்' என்று அம்மாவை அம்பு மண்டபத் திடலுக்கு இழுத்துப் போனேன். 'சிங்மிங் ஷாங்ஹ து' (சிங்மிங் திருநாளில் ஆற்றோரம்) என்ற பழைய சீனச் சுருள் ஓவியத்தை டிஜிட்டலில் நடமாட விட்டிருந்தார்கள் அங்கே.

சீனாவை வட சாங் வம்சம் ஆண்ட காலத்து ஓவியர் ஜாங் த்சேதுவான் பட்டுத்துணியில் தீட்டியது. உயரம் 24.8 சென்டிமீட்டர், ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல். நீளம் ஐந்தேகால் மீட்டர். அதற்குள் அன்றைய தலைநகர் கைஃபெங், ஆறு, கழுதை, ஒட்டகம், பல்லக்கு எல்லாம் அடக்கம். பட்டு நைந்துவிடும் என்பதால் அசலை எப்போதாவதுதான் வெளியே எடுப்பார்கள். 2015-இல் எடுத்தபோது ஜனம் மணிக்கணக்கில் வரிசையில் நின்றது.

பெரிய திரையில் மனிதர்கள் நடந்தார்கள், தண்ணீர் ஓடியது. அழகுதான், ஆனால் ஐந்து நிமிடத்தில் எனக்குப் பழகிவிட்டது. ஆளைத் தூக்கிப் போட்டது அடுத்த அறை. தலைக்கு மேல் கவிந்த குவிமாடத் திரை, நாம் படகில். ஓவியத்தில் வரும், நடுவில் தூணே இல்லாத மரப்பாலம் நெருங்க நெருங்க, அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "பாய்மரத்தை இறக்குங்கப்பா!" என்று சத்தமே போட்டுவிட்டார். பக்கத்திலிருந்த சீனப் பாட்டி சிரித்தார். மொழி புரிந்திருக்காது, விஷயம் புரிந்திருக்கும்.

படகு தப்பித்தது. எனக்குத்தான் லேசான ஏமாற்றம். ஓவியத்தில் அந்தப் படகு தப்பிப்பதில்லை, முட்டுவதும் இல்லை. பாய்மரம் பாதி சாய்ந்திருக்கும். பாலத்து ஆட்கள் குனிந்து கத்துவார்கள், ஒருவன் கயிறு வீசுவான். தொள்ளாயிரம் வருடமாக அப்படியே.

கடையில் ஒரு அச்சுப் பிரதி வாங்கினேன். ராத்திரி விடுதிக் கட்டிலில் விரித்தோம். சுருள் ஓவியத்தை வலமிருந்து இடமாக, ஒரு கையால் விரித்து மறு கையால் சுருட்டியபடி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பார்க்க வேண்டும். எங்கே நிற்பது, எப்போது நகர்வது என்பதெல்லாம் நம் விரலில். குவிமாடம் அந்த உரிமையைத் தரவில்லை.

நான் இடது பக்கத்தை விரிக்கப் போனேன். அம்மா விடவில்லை. பாலத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "இருடா, படகு இன்னும் போகல" என்றார்.