வேளாங்கண்ணிக்கு நடப்பவர் முதலில் தீர்க்க வேண்டிய கடன்

சென்னையிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடப்பவர்கள் புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகப்பட்டினம் என்று 300 கிலோமீட்டருக்கு மேல் கடக்கிறார்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் பெருவிழா. அதற்குள் போய்ச் சேர வேண்டும். காவி உடை, கழுத்தில் ஜெபமாலை, முன்னால் மாதா சொரூபம் வைத்த சிறு தேர். கொப்புளத்துக்கு என்ன செய்வது, எங்கே தங்குவது என்பதையெல்லாம் போய்வந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். தம்பியின் பங்கைத் தன் பெயரில் எழுதிக்கொண்டவரும், வீட்டு வேலை செய்யும் அம்மாவுக்குச் சம்பள பாக்கி வைத்தவரும் அதே காவியில்தான் நடக்கிறார்கள் என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை. நடந்து முடித்தால் எல்லாம் நேராகிவிடும் என்று ஒரு நினைப்பு.

திருச்சபை அப்படிச் சொல்லவில்லை. பாவப்பொறுத்தல் கிடைத்தாலும் பாவத்தால் பிறருக்கு விளைந்த கேட்டைச் சரிசெய்யும் கடமை நிற்கிறது என்கிறது திருச்சபையின் போதனை நூலான கத்தோலிக்க மறைக்கல்வி (எண் 1459). ஒருவரிடம் 20,000 ரூபாய் ஏமாற்றிவிட்டுக் காணிக்கைப் பெட்டியில் 5,000 போட்டால், அவருக்குத் தர வேண்டியது 15,000 ஆகிவிடாது; முழு 20,000மும் அப்படியே இருக்கிறது. நற்செய்தியில் வரும் வரிவசூல்காரன் சக்கேயு நாலு மடங்கு தருவதாகச் சொன்னது கோவிலுக்கு அல்ல, ஏமாந்தவனுக்கு. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு சமாதானமாகு என்று மத்தேயு 5:23-24இல் இயேசு சொல்வதும் இதே வரிசைதான்.

ஆகவே குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்தைத் திருவிழா நெரிசலுக்குத் தள்ளிப்போடாமல், கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே சொந்தப் பங்குக் கோவிலில் செய்வது நல்லது. ஆத்தும சோதனை (செய்த பாவங்களை நினைத்துப் பார்ப்பது), மனஸ்தாபம் (அவற்றுக்காக வருந்துவது), பிரதிக்கினை (இனிச் செய்வதில்லை என்ற தீர்மானம்), குருவிடம் அறிக்கையிடுதல், அபராதம் தீர்த்தல் (குரு கொடுக்கும் பரிகாரத்தைச் செய்வது) என்ற ஐந்தில் பெரும்பாலும் கெடுவது முதலாவதும் கடைசியும். சோதித்துப் பார்க்காமல் வருபவர் மருமகளின் பாவத்தைச் சொல்லிவிட்டுப் போகிறார். இல்லாவிட்டால், “எல்லாப் பாவமும் செய்திருக்கிறேன் சாமி” என்பார்; அது ஒன்றும் சொல்லாததற்குச் சமம். யாருக்கு, எவ்வளவு, எப்போது என்று சொல்ல வேண்டும். குரு எதையும் வெளியே சொல்ல முடியாது. நேரில் திருப்பிக் கொடுக்கக் கூச்சமாக இருந்தால் பெயர் சொல்லாமல் வேறொருவர் மூலம் கொடுக்கலாம். உரியவர் இறந்திருந்தால் வாரிசுகளுக்கு. யாரென்றே தெரியாவிட்டால் ஏழைகளுக்கு. மொத்தமாக முடியாதவர் தவணையாகக் கட்டலாம், ஆனால் முதல் தவணை யாத்திரைக்கு முன்பே போய்விட வேண்டும்.

நேர்ச்சையையும் அடுத்தவர் தலையில் கட்டக்கூடாது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் 1193ஆம் விதி: நேர்ந்துகொண்டவரை மட்டுமே அது கட்டும். அம்மா நேர்ந்தாள் என்பதற்காக மகன் நடந்தே தீர வேண்டியதில்லை. உடம்பு முடியாமல் போனால் பங்குத்தந்தையிடம் விலக்குக் கேட்கலாம். அல்லது அதற்கு இணையான, இல்லை மேலான ஒரு நற்செயலாகத் தாமே மாற்றிக்கொள்ளலாம் (1197). பாவசங்கீர்த்தனத்தில் கிடைத்த அபராதமோ சொந்தமாகவே செய்து தீர்க்க வேண்டியது (981). ஆள் வைத்து முடியாது.

பேராலயத்திலிருந்து மாதா குளம் நோக்கிப் போகும் மணல் பாதையில் முழங்காலில் நடப்பதாக நேர்ந்தவர்கள் விடியற்காலையில் தொடங்க வேண்டும். வெயில் ஏறியபின் மணல் சுடும், தோல் உரியும். முழங்காலில் பழைய வேட்டித் துணியைச் சுற்றிக்கொள்வதால் நேர்ச்சை குறைந்துவிடாது. சர்க்கரை நோயாளிகள் இதைத் தவிர்க்க வேண்டும். ஆறாத புண்ணால் யாருக்கும் புண்ணியமில்லை.

குழு வசூல் இன்னொரு சிக்கல். தேருக்கும் சாப்பாட்டுக்கும் என்று வாங்கிய பணத்தில் மீதி எங்கே போனது என்று கேட்டால், “மாதாவுக்குத்தானே!” என்று வாயை அடைப்பார்கள். வரவு செலவை இரண்டு பேர் எழுதட்டும். திரும்பிய வாரமே எல்லாருக்கும் வாசித்துக் காட்டி, மிச்சத்தை, பணம் கொடுத்தவர்கள் சொல்லும் காரியத்துக்கே செலவிட வேண்டும்.