பின்கட்டுக் கதவும் கோர்கட்ஸும்

போன வாரம் எதிர் வீட்டு ஆச்சி வளவு வரைக்கும் வந்து நின்று, "போர் போடுறதா இருந்தா ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போடக் கூடாதா? எங்க கிணத்துல ஏற்கெனவே தண்ணி கீழ போயிருச்சு" என்று சண்டைக்கு வந்துவிட்டார். போரும் இல்லை, ஒன்றும் இல்லை. எங்கள் ஆத்தாவின் பேரன் சொக்கு பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

பெங்களூரிலிருந்து வரும்போது பெட்டியைவிடப் பெரிய ஸ்பீக்கரைத் தூக்கி வந்திருக்கிறான். அறைக்குள் வைத்துக் கேளேன் என்றால், நெட் முகப்பில்தான் கிடைக்கிறதாம். நம் வீட்டு முகப்பில் தும்மினால் இரண்டாம் கட்டிலிருந்து "நூறு வயசு" என்பார்கள். ஆத்தங்குடிக் கல், பர்மா தேக்குத் தூண், கண்ணாடி போல வழவழவென்று சுண்ணாம்புச் சுவர். ஐயா பர்மாக் காசில் பார்த்துப் பார்த்துக் கட்டினார். எந்தச் சத்தத்தையும் விழுங்கத் தெரியாத வீடு. அதில் டெத் மெட்டல் என்று அடித்தொண்டையில் உறுமுகிற முரட்டு ராக் இசை. அதிலும் தாளக் கணக்குச் சிக்கலான டெக்னிக்கல் டெத் மெட்டலாம். சாதா வகையே எனக்குத் தெரியாது.

கோர்கட்ஸ் என்று கனடாவின் கியூபெக்கில் ஒரு குழு. 'அப்ஸ்க்யூரா' என்பது 1998-ல் வந்த ஆல்பம். மொத்தமாக ஒரு மணி நேரம் ஓடுகிறது. இரண்டு கிதார்களுக்கும் ஏதோ பங்காளித் தகராறு. ஒன்று கிழக்கே போனால் மற்றது மேற்கே போகிறது. நடுவில் லூக் லெமே என்பவர் அடிவயிற்றிலிருந்து கத்துகிறார். அவர் முறையாக இசை படித்தவர், இதில் வயோலாகூட வாசித்திருக்கிறார் என்கிறான் சொக்கு. அது எங்கே வந்தது, எப்போது போனது என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஆத்தா கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். ஒப்பாரி வைக்க ஊரே அவரைக் கூப்பிட்டுப் போகும். "ஒப்பாரின்னா செத்தவுக பேரு வரணும், பெருமை வரணும். இவுக யாருக்கு அழுவுறாகன்னே சொல்ல மாட்டேங்கிறாகளே."

"வந்த புதுசுல அங்கயும் இப்படித்தான் ஏசினாக அப்பத்தா" என்று ஆரம்பித்தான் சொக்கு. 1993-ல் வந்த முந்தைய ஆல்பத்துக்குப் பிறகு, பாட்டு வெளியிடுகிற கம்பெனி இவர்களைக் கைவிட்டுவிட்டது. பாட்டுகள் தயாராகியும் வெளியிட ஆளில்லாமல் சில வருஷம் கிடந்தன. வெளிவந்ததும் பழைய ரசிகர்கள் பலர், என்ன கண்றாவி இது என்று தலையைப் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் மெல்ல மெல்ல, இதுதான் வழிகாட்டி என்று விமர்சகர்களும் வாத்தியம் வாசிக்கிறவர்களும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். ஜெர்மனியில் ஒரு குழு இந்த ஆல்பத்தின் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டது.

"பேரு வச்சாக, சரி. சோறு போட்டாகளா?" என்றார் ஆத்தா.

"இல்லப்பத்தா. நடுவுல குழு கலைஞ்சு போச்சு. லெமே தச்சு வேலைக்குப் போயிட்டாரு."

அதுவரை பின்கட்டில் ஓடிக்கொண்டிருந்த இழைப்புளி சட்டென்று நின்றது.

பின்கட்டுக் கதவின் குடுமி, அதாவது கதவு சுழலுகிற முளை, தேய்ந்துவிட்டது, அதைச் சரிசெய்யத்தான் பெரிய ஆசாரி வந்திருந்தார். அவரைக் கூட்டி வருவதற்குள் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. காரைக்குடியில் பழைய நிலையையும் கதவையும் விலைக்கு வாங்கி விற்கிறவர்களுக்கே அவர் கைதான் வேண்டும். நமக்கு எங்கே நேரம் கிடைக்கும்? மனிதர் வேட்டியைத் தட்டிக்கொண்டு வந்து ஸ்பீக்கருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, மொதல்லேருந்து போடுங்க."

காதில் சொருகிய பென்சிலை எடுத்துத் தரையில் தட்டித் தட்டிக் கணக்குப் போட்டார். நடுவில் விட்டுப்போனால் நிறுத்தச் சொல்லி, திரும்பப் போடச் சொன்னார். என் வீட்டுக்காரி கொண்டுவந்த காப்பி ஆறிப் போனது. முழுதும் கேட்டு முடித்துவிட்டு எழுந்து சொன்னார்: "கோணல்தான். ஆனா கை தவறி வந்த கோணல் இல்ல, அளந்து வச்ச கோணல்."

சொக்குவுக்குக் கண் கலங்கிவிட்டது. பெங்களூரில்கூட இவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லையாம்.

ஆகட்டும், சந்தோஷம். ஆனால் அன்றைக்குக் கதவு வேலை அதோடு சரி. மறுநாளும் வந்தார், நேரே முகப்புக்குப் போனார். அந்த லெமே என்ன மரத்தில் வேலை செய்வார், வாய்ச்சி பிடிப்பாரா, எல்லாம் மிஷினா என்று விசாரணை. திரும்பவும் குழுவைக் கூட்டி, 2013-ல் திபெத்தைப் பற்றி ஓர் ஆல்பம் போட்டார் என்று சொக்கு சொன்னதும், "தொழிலுக்குப் போனவரு திரும்பி வந்தாரா!" என்று அதையும் கேட்க உட்கார்ந்துவிட்டார். கூலி யார் கொடுப்பது? நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை சொக்கு ஸ்பீக்கரோடு கிளம்பிப் போய்விட்டான். திங்கள்கிழமை ஆசாரியார் வரவில்லை. போன் அடித்தால், "தம்பி மறுபடி எப்ப வருது?" என்கிறார். பொங்கலுக்கு என்றேன். "அப்பப் பாத்துக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

கதவு கழற்றினபடியே சுவரில் சாய்ந்திருக்கிறது. ராத்திரி பூனை வந்து பால் சட்டியை உருட்டுகிறது. நிலையில் ஆணி அடித்து வேட்டியைத் திரையாகக் கட்டியிருக்கிறாள் வீட்டுக்காரி. பழசு எத்தனையோ இருக்க, போன தீபாவளிக்கு எடுத்த பட்டுக்கரை வேட்டிதான் அவள் கண்ணில் பட்டிருக்கிறது.