192 பக்க நோட்டும் ஜூன் மழையும்

நீலகிரி மலையில் பந்தலூர், தேவாலா, கொளப்பள்ளி பக்கம் படித்து, இன்று இந்தச் சங்கத்தில் இருக்கும் நமக்கு ஸ்கூல் திறப்பதும் மழை இறங்குவதும் ஒன்றுதான். ஊட்டியில் மலர்க் கண்காட்சி முடிந்து சீசன் கூட்டம் கீழே இறங்கிய கையோடு இந்தப் பக்கம் வானம் மூடிக்கொள்ளும், அப்புறம் ஆகஸ்ட் வரைக்கும் கண் திறக்காது. தமிழ்நாட்டில் அதிகமாக மழை பெய்யும் இடங்களில் தேவாலாவும் ஒன்று என்று பேப்பரில் வரும், நாம் அதை ஊறிப்போன கணக்கு நோட்டில் பார்த்தே தெரிந்துகொண்டோம். அதனால் மே மாதக் கடைசியில் நோட்டு வாங்கப் போவது என்றால், எங்கள் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், அது பாதி படிப்புக்கு, பாதி மழைக்கு.

யூரியா மூட்டைக்குள் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் உறை இருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? அம்மா அதை ஓடையில் நாலைந்து தடவை அலசி, வாடை போகும்வரை வெயிலில் கட்டித் தொங்கவிட்டு, ஏப்ரலிலேயே மூன்று பேருக்கும் மூன்று எடுத்து வைத்துவிடுவார். துணிப்பைக்குள் அந்த உறை, உறைக்குள் புத்தகம், வாயைச் சுருட்டிக் கயிறு. குடை எப்படியும் காற்றில் மடங்கிவிடும், நாம் நனைவோம், ஆனால் புத்தகம் நனையாது.

கடைக்குப் போகும் நாள் எங்களுக்குப் பெரிய நாள். மே மாதத்தில் கோடை மழைக்குக் கொழுந்து நன்றாக வரும், கூடுதல் கிலோவுக்குக் கொஞ்சம் காசு சேரும், அதை முடிச்சுப் போட்டுக்கொண்டு அம்மா எங்களைக் கூடலூருக்கு பஸ் ஏற்றுவார். தேவாலா, நாடுகாணி தாண்டி வளைந்து வளைந்து போவதற்குள் என் தங்கை இரண்டு தடவை வாந்தி எடுத்துவிடுவாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராகக் காக்கா கடை, மலையாள முஸ்லிம் கடைக்காரரை அப்படித்தான் கூப்பிடுவோம். நம்மில் பாதிப் பேர் வீட்டில் அங்கேதான் வாங்கியிருப்பார்கள். தமிழும் மலையாளமும் கலந்து "வா சேச்சி, பிள்ளைகள் எல்லாம் பாஸ் ஆயோ?" என்று கேட்டுக்கொண்டே அவர் பெஞ்சைத் துடைத்துப் போடுவார்.

அம்மா தோட்டத்துப் பள்ளியில் மூன்றாவது வரை படித்தவர், அதுவும் இலங்கையில். ஆனால் நோட்டு எடுப்பதில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. கொழுந்து பறித்துப் பறித்து இலைக்கறை ஏறி, வெடித்துப் போன விரல்கள், தாளில் கறை படக்கூடாது என்று சேலைத் தலைப்பால் பிடித்துத்தான் நோட்டைத் திறப்பார். பிறகு கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் சுண்டுவிரலால் ஒரு பொட்டு எச்சில் வைத்துவிட்டு மெல்ல ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார். அதற்குள் அடுத்த தாளில் ஈரம் ஏறியிருந்தால் மட்டமான தாள், அந்தக் கட்டே வேண்டாம், வேறு காட்டச் சொல்வார். காக்கா ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை, "இது பாருங்க சேச்சி, இது நல்ல பேப்பர்" என்று மேல்தட்டிலிருந்து இறக்குவார்.

ஆறாம் வகுப்புக்குப் போன வருஷம், 1991இல், எனக்கு முதல்முறை 192 பக்க நோட்டு கிடைத்தது. அதுவரை 80 பக்கம்தான், அதிலும் போன வருஷத்து நோட்டுகளில் எழுதாமல் விட்ட தாள்களைக் கிழித்துக் கோணி ஊசியில் தைத்த ரஃப் நோட்டு ஒன்று கட்டாயம் இருக்கும். அந்த 192 பக்கக் கணக்கு நோட்டு அரையாண்டுக்கு முன்பே தீர்ந்துபோய் அம்மாவிடம் திட்டு வாங்கினேன், ராத்திரி உட்கார்ந்து எண்ணிப் பார்த்தால் 168 பக்கம்தான் இருந்தது. அட்டையில் 192 என்று அச்சடித்துவிட்டு உள்ளே குறைத்திருக்கிறார்கள். தினமும் தராசுக்கு முன்னால் நின்று தன் கிலோவை மனதிலேயே கூட்டி வைத்துக்கொள்கிறவர் அம்மா, அவருக்கு அது ஆறவே இல்லை. அடுத்த வருஷம் கடையிலேயே ஒவ்வொரு நோட்டையும் என்னை எண்ண வைத்தார். எனக்கு அப்போது கூச்சமாக இருந்தது. இப்போது என் பிள்ளைக்கு வாங்கும்போது நானும் எண்ணுகிறேன்.

பேனா விஷயம் தனி. மை பேனாவால் எழுதினால்தான் கையெழுத்து நன்றாக வரும் என்று டீச்சர் சொல்வார்கள், எனக்கு ஹீரோ பேனா மேல் கொள்ளை ஆசை. ஆனால் ஜூன் மழையில் மை எழுத்து நின்றதா? ஒரு சொட்டு பட்டால் பாதிப் பக்கம் நீலமாக ஓடிவிடும். ரெனால்ட்ஸ் பால்பாயிண்ட் போதும் என்று அம்மா முடித்துவிட்டார். அக்கா, நான், தங்கை மூன்று பேருக்கும் ஒரே கேம்லின் ஜியோமெட்ரி பாக்ஸ், பரீட்சைக்குப் பரீட்சை கை மாறும்.

வீட்டுக்கு வந்தால் காலண்டர் தாளில் அட்டை போட்டு, சோற்றுப் பசையில் லேபிள் ஒட்டி, மூலைக்கு மூலை மஞ்சள் வைத்து, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அத்தனையும் அடுப்புக்கு மேலே பரணில் ஏறும். கீழே கவாத்து மிலாறு, அதாவது தேயிலைச் செடியில் வெட்டிய காய்ந்த குச்சி, எரியும், அந்தச் சூட்டில் காகிதம் மொறுமொறுவென்று இருக்கும். ஜூன் மாதம் நம் வகுப்பு முழுக்க ஒரு புகை வாசம் அடிக்குமே, அது இதுதான்.

ஏன் இவ்வளவு பாடு என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன். மலையகத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப இலங்கையும் இந்தியாவும் போட்ட 1964 ஒப்பந்தத்தின்படி அனுப்பப்பட்டவர்கள் அம்மாவின் குடும்பம். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, அப்புறம் டேன்டீ என்கிற தமிழக அரசின் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர்கள். தகரப் பெட்டியில் வந்த சட்டி பானையைவிடப் பத்திரமாக வந்தது பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும்தான், தாத்தா அதை மெழுகுத் துணியில் சுற்றி இடுப்பில் கட்டியிருந்தாராம். "அந்தக் காகிதம் நனைஞ்சிருந்தா நம்மள யாருன்னு கேட்டிருப்பான் புள்ள" என்றார் அம்மா. அவ்வளவுதான் சொன்னார், சொல்லிவிட்டு அட்டை போடப் போய்விட்டார்.

இங்கே சிங்கப்பூரில் பள்ளி ஜனவரியில் திறக்கிறது, அதுவும் மழைக்காலம்தான். டிசம்பரில் மகளின் புத்தகப் பட்டியலை வைத்துக்கொண்டு பாப்புலர் கடையில் நிற்கும்போது கை தானாகத் தாளின் ஓரத்தைத் தடவுகிறது. அம்மா இருந்திருந்தால் இந்தத் தாளைப் பார்த்து ரொம்பச் சந்தோஷப்பட்டிருப்பார்.

சங்கத்துக்கு ஒன்று கேட்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் நாம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நோட்டு வாங்கிக் கொடுக்கிறோம். இப்போது அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடநூல், நோட்டு, பை, வண்ண பென்சில் எல்லாம் விலையில்லாமல் கிடைக்கிறது, மலைப்பகுதி என்பதால் கம்பளிச் சட்டையும் உண்டு. அதனால் நம் பணத்தை பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளின் ரெக்கார்ட் நோட்டுக்கும், தண்ணீர் புகாத பைக்கும், காற்றுக்கு மடங்காத நல்ல குடைக்கும் திருப்பலாமே. விழா வைத்து ஜூலையில் கொடுத்தால் பாதி மழை போய்விடும். மே கடைசி வாரத்திலேயே பிள்ளைகள் கையில் சேர வேண்டும். வரும் மே மாதம் நான் ஊரில்தான் இருப்பேன். கூடலூருக்கு வந்து குடையை விரித்து, கம்பியை வளைத்துப் பார்த்து வாங்க என்னோடு இரண்டு பேர் வேண்டும், வருகிறவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.