இளைய மணியை உடனே நம்ப வேண்டாம்

மணற்கல்லிலிருந்து சிர்க்கான் என்ற கனிமத்தின் மணிகளைப் பிரித்து, அவற்றின் யுரேனியம்–ஈய வயதைக் (யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியது என்பதிலிருந்து கணக்கிடும் வயது) கொண்டு பழைய எரிமலைகளைத் தேடும் வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் வயதளக்கும் லேசரில் அல்ல, சல்லடையில்தான். முந்தைய கல்லின் ஒரே ஒரு மணி கண்ணியில் சிக்கியிருந்தால் போதும், இந்தக் கல்லில் இல்லாத எரிமலை முளைத்துவிடும். ஒவ்வொரு கல்லுக்கும் புது நைலான் வலை போட்டு, வேலை முடிந்ததும் வீசிவிடுவதே நல்லது.

உடைத்துச் சலித்த தூளைக் கழுவி, காந்தத்தில் ஓட்டி, 3.3 அடர்த்தியுள்ள மெத்திலீன் அயோடைடு என்ற கனத்த திரவத்தில் இட்டால், 4.6 அடர்த்தியுள்ள சிர்க்கான் அடியில் தங்கும். இங்கே அழகான, பருத்த மணிகளை மட்டும் பொறுக்குவது பெரிய தவறு. எரிமலைச் சாம்பலோடு வந்தவை பெரும்பாலும் ஊசிபோல் மெலிந்தவை. முனை மழுங்காமல், உள்ளே கண்ணாடித் துளி சிக்கியிருக்கும். கழுவும்போது தண்ணீரோடு முதலில் போவதும் அவைதான்.

மணிகளை எபாக்சியில் பதித்துப் பாதி உடல் தெரியும்வரை தேய்த்து, கேத்தோடோலுமினசென்ஸ் படம் (எலக்ட்ரான் கற்றை பட்டு மணி உமிழும் ஒளியின் படம்) எடுக்காமல் லேசரைத் தொடக் கூடாது. படத்தில் வளையங்களும், நடுவே வேறு நிறத்தில் பழைய கருவும் தெரியும். லேசர் தோண்டும் 30 மைக்ரான் குழி வளையம், கரு இரண்டின் மேலும் விழுந்தால், கிடைக்கும் வயது எந்த எரிமலைக்கும் உரியதல்ல. மணிகளில் 5 சதவீதமாவது உள்ள எந்த வயதுக் கூட்டமும் தப்பவில்லை என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல 117 மணிகளாவது வேண்டும்.

பிறகு வரும் ஆசைதான் ஆபத்தானது: இருப்பதிலேயே இளைய மணியைப் பிடித்து, 'படிவு இதற்கு முந்தியதல்ல' என்று எழுதிவிடுவது. கதிர்வீச்சில் சிதைந்த மணியிலிருந்து ஈயம் கசிந்து, வயது குறைவாகத் தெரியும். பழைய மணியென்றால் கன்கார்டியா வளைகோட்டிலிருந்து (யுரேனியத்தின் இரு ஐசோடோப்புகளும் ஒரே வயதைக் காட்டும் புள்ளிகளின் கோடு) விலகிக் காட்டிக்கொடுக்கும். சில கோடி ஆண்டு மணிக்கோ அந்தக் கோடு கிட்டத்தட்ட நேராக ஓடுவதால், கசிந்த மணி கோட்டின்மேலேயே வழுக்கி இறங்கி, நல்ல பிள்ளையாக நிற்கும். பிழை வரம்புக்குள் ஒத்துப்போகும் மூன்று மணிகளாவது சேராமல் அந்த வயதை நான் ஏற்கமாட்டேன். சேர்ந்தாலும், 900 டிகிரியில் 48 மணி நேரம் சூடாக்கி, ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தில் சிதைந்த பகுதியைக் கரைத்துவிட்டு மறுபடி அளப்பதே திருப்தி.

இன்னொன்று, பசால்ட் என்ற கருநிற எரிமலைப் பாறையாக உறையும் குழம்பில் சிர்க்கான் அரிதாகவே படிகமாகும். சுமார் 6.6 கோடி ஆண்டுக்கு முந்தைய தக்காணப் பசால்ட் பாறைகளுக்கே, குழம்பு அடுக்குகளின் இடையிலுள்ள செம்மண்ணில் விழுந்த சாம்பலின் சிர்க்கானைத் தேடித்தான் துல்லியமான வயதுகள் பல எடுக்கப்பட்டன.